துருவ ஒளியைத் துரத்தியவர்

மின்னல் வெட்டினால் நொடியில் மறைந்துவிடும். ஆனால், பூமியின் வடகோடியில் உள்ள நாடுகளில், இரவு வானில் பச்சைத் திரை கட்டியதுபோல ஓர் ஒளி நெடுநேரம் அசைந்தாடும். இதற்குத் துருவ ஒளி என்று பெயர். இது எப்படி உண்டாகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடி அலைந்தவர்தான் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட்.

நார்வே நாட்டின் தலைநகரில் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் இவர் பிறந்தார். இன்று ஆஸ்லோ எனப்படும் அந்நகரின் அன்றைய பெயர் கிறிஸ்டியானியா. முப்பது வயதிலேயே அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

நாற்காலியில் அமர்ந்து ஆராய்வது அவருக்குப் போதவில்லை. 1899-இல் வட நார்வேயில், சுமார் 900 மீட்டர் உயரமுள்ள ஹால்டே மலையில் ஆய்வுக்கூடம் அமைத்துக் குளிர்காலம் முழுவதும் தங்கினார். அங்கே குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியனே உதிக்காது! பனிப்புயல் ஆளையே தள்ளிவிடும். அந்தப் பயணத்தில் உடன் சென்ற இளைஞர் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார். அதற்கு முந்தைய பயணத்தில், மருத்துவ மாணவர் ஒருவர் கடுங்குளிரில் விரல்களை இழந்தார். அந்த மாணவர் பின்னாளில் புகழ்பெற்ற கடல் ஆய்வாளர் ஆனார்.

ஆனாலும் பிர்க்லாண்ட் பின்வாங்கவில்லை. 1902-03-இல் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், நோவாயா செம்லியா ஆகிய நான்கு இடங்களில் ஆட்களை நிறுத்தி, ஒரே காலத்தில் அளவெடுத்தார். துருவ ஒளி பளிச்சிடும்போதெல்லாம் காந்த ஊசி தடுமாறியது.

மின்சாரம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசியை வைத்தால் அது திரும்பும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்படியானால் வானிலும் மின்னோட்டம் பாய்கிறது என்றுதானே பொருள்? சூரியனிலிருந்து வரும் எலெக்ட்ரான்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களை நோக்கித் திருப்புகிறது. காந்தக் கோடுகளின் வழியே மின்னோட்டம் இறங்கி ஏறுகிறது என்று அவர் கூறினார்.

இதை மெய்ப்பிக்க ஒரு குட்டி பூமியையே செய்தார்! காற்று நீக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் காந்த உருண்டையை வைத்து, அதன்மேல் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சினார். உருண்டையின் இரு துருவங்களைச் சுற்றியும் ஒளி வளையங்கள் தோன்றின.

ஆய்வுக்குப் பணம் வேண்டுமே! மின்சாரத்தால் குண்டு எறியும் பீரங்கி ஒன்றைச் செய்தார். 1903-இல் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டியபோது, அது பெரும் சத்தத்துடன் நெருப்பைக் கக்கிப் பழுதானது. ஆனால் அந்த மின்தீயே அவருக்கு வழிகாட்டியது. அத்தகைய தீயால் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து உரம் தயாரிக்கும் முறையை, பொறியாளர் சாம் எய்டேயுடன் சேர்ந்து உருவாக்கினார். அதில் கிடைத்த பணத்தையும் ஆய்வுக்கே செலவிட்டார்.

எனினும், சிட்னி சாப்மன் போன்ற பெரிய அறிஞர்கள் அவர் கருத்தை ஏற்கவில்லை. தரையில் எடுத்த அளவுகளை மட்டும் கொண்டு எது சரி என்று முடிவு செய்ய இயலாது. மேலே போய்ப் பார்க்க வேண்டும். அன்று அதற்கு வழியில்லை. 1917 ஜூன் 15-இல், ஜப்பானின் டோக்கியோ நகரில், 49 வயதில் பிர்க்லாண்ட் காலமானார்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கடந்தன. 1963-இல் ஏவப்பட்ட அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று, துருவப் பகுதிக்கு மேலே பறந்தபோது காந்தப்புலத்தில் மாற்றங்களைப் பதிவு செய்தது. அவர் சொன்ன மின்னோட்டமே அதற்குக் காரணம் என்று 1967-இல் அறிஞர்கள் விளக்கினர். இன்று அதற்குப் பிர்க்லாண்ட் மின்னோட்டம் என்றே பெயர். பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் உள்ள மின்புலங்களும் பிளாஸ்மா அலைகளும் எலெக்ட்ரான்களை வேகமாகக் கீழே தள்ளுகின்றன என்பதும் பின்னர் தெரிய வந்தது. அவை காற்றிலுள்ள ஆக்சிஜன் அணுக்களில் மோதும்போதுதான் பச்சை ஒளி பிறக்கிறது.

நார்வே அரசு 1994-இல் வெளியிட்ட 200 குரோனர் நோட்டில் அவரது படத்தை அச்சிட்டுப் பெருமைப்படுத்தியது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால், பனியில் நடுங்கியபடி அவர் எழுதி வைத்த அளவுகள் இருந்தன.

அன்பு மாணவர்களே! நீங்கள் கண்டறிந்த ஒன்றை நாலு பேர் நம்பவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். அளந்து பாருங்கள், குறித்து வையுங்கள். உண்மை ஒருநாள் வெளிப்பட்டே தீரும்!