முன்ஷி அப்துல்லா மொழி கற்ற விதம்

முன்ஷி அப்துல்லாவை நம்மில் பலர் வரலாற்றுப் பாடத்தில் ஒரே வரியில் கடந்து வந்திருப்போம். ராஃபிள்சிடம் எழுத்தராக இருந்தவர், ‘ஹிக்காயத் அப்துல்லா’வை எழுதியவர். தேர்வுக்கு அது போதும். ஆனால் கைப்பேசிச் செயலியில் கொரிய மொழியும் ஜப்பானிய மொழியும் படிக்கும் என் வயதினருக்கு, அவர் மொழிகளைக் கற்ற கதைதான் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தார். அவருடைய முப்பாட்டனார் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கேயே மணம் முடித்த அரபியர். அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை பிறகு மலாக்காவில் குடியேறியது. சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்றதும் அப்துல்லாவைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள். அன்றைய மலாக்கா வணிகத்தில் கணக்கு எழுதத் தமிழ் தேவைப்பட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதைக் கற்பது வழக்கமாகவும் இருந்தது. இரண்டரை ஆண்டுகள் படித்தார்.

அடுத்தது இந்துஸ்தானி. அதற்கு அவர் ஆசிரியரைத் தேடிப் போகவில்லை. மலாக்காக் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்களுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க அவர்களுடைய பேச்சு இவருக்குப் படிந்தது. ‘முன்ஷி’ என்று முதலில் அழைத்ததும் அந்தச் சிப்பாய்கள்தான். மொழி ஆசிரியர் என்று பொருள். பையனாக இருந்தபோது கிடைத்த பெயர், கடைசிவரை நிலைத்துவிட்டது. இன்று இணையத்தில் மொழிப் பரிமாற்றத் துணை தேடுகிறோமே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. ஆனால் அவருக்கு அதில் வருமானமும் வந்தது!

மலாய் மொழிதான் கடினமாக இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். ஊரே பேசிய மொழி அது. அதனாலேயே அதைப் படிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கெனப் பள்ளியும் இல்லை. அவருடைய தந்தை கண்டிப்பானவர். மகனை எழுத வைத்து, தவறுகளைத் திருத்தி, மீண்டும் எழுத வைத்தார். விவரம் தெரிந்த பெரியவர்களிடம் அப்துல்லா தாமே போய்ச் சொற்களுக்குப் பொருள் கேட்டார். பழைய ஏடுகளைப் படித்தார், படியெடுத்தார். 1811இல் ராஃபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தபோது எழுத்தர் வேலை கிடைக்கக் காரணம் அந்தப் பயிற்சிதான்.

1815இல் மில்ன் என்ற கிறிஸ்தவ மதபோதகர் மலாக்கா வந்தார். அவரிடம் அப்துல்லா ஆங்கிலம் கற்கத் தொடங்கியதும் ஊரில் பேச்சு கிளம்பியது. ஆங்கிலம் படித்தால் மதம் மாறிவிடுவார் என்று பலர் நம்பினார்கள். எனக்கு இந்தப் பகுதி முக்கியமாகப் படுகிறது. புது மொழியில் தவறாகப் பேசினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று நாம் தயங்குகிறோம். அவருக்கோ சொந்தச் சமூகத்தின் நம்பிக்கையே போய்விடும் நிலை. இருந்தும் படிப்பை நிறுத்தவில்லை, மதமும் மாறவில்லை.

அதே காலத்தில் தாம்சன் என்ற இன்னொரு போதகருக்கு அவர் மலாய் கற்பித்தார். இருவரும் ஓயாமல் மோதிக்கொண்டார்கள். தாம்சன் பைபிளை மலாயில் எழுதும்போது சொற்கள் மலாயாக இருக்கும், வாக்கிய அமைப்பு ஆங்கிலமாக இருக்கும். எந்த மலாய்க்காரரும் இப்படிச் சொல்லமாட்டார் என்று அப்துல்லா எடுத்துச் சொல்லியும், தாம்சன் பெரும்பாலும் கேட்கவில்லை. சொல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்து தாய்மொழி அச்சில் வாக்கியம் வார்க்கும் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பின்னாளில் சிங்கப்பூரில் வணிகர்களுக்கும் போதகர்களுக்கும் மலாய் கற்பித்தே அவர் பிழைத்தார். கணக்கெழுதுவதற்காகச் சிறுவயதில் கற்ற தமிழும் வீண்போகவில்லை. 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். 1843இல் எழுதி முடித்த ‘ஹிக்காயத் அப்துல்லா’ 1849இல் அச்சானது. 1854இல் ஹஜ் பயணம் புறப்பட்டவர் சிங்கப்பூருக்குத் திரும்பவில்லை.