டாக்டர் மேரி குளோரி அம்மையார்

முத்துக்குளித்துறையின் ஊர்களிலிருந்து நர்சிங் படிக்கப் போகும் பெண்கள் இன்று பலர். தோணியிலும் உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைக்கும் பெற்றோர் கடன்பட்டாவது மகளை அந்தப் படிப்பில் சேர்க்கிறார்கள். மகள் தேறி ஸ்டாஃப் நர்ஸ் ஆனதும் வீடு சற்று நிமிர்கிறது. ஆனால் ஓரிரண்டு ஆண்டுகளில் வேறொரு கவலை பிறக்கிறது. சம்பளம் கூடுதலாகத் தரும் வேறு மருத்துவமனைக்கு மாறுவதா? வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறுவதா? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எம்.எஸ்சி. படிப்பதா? மேற்படிப்பில் சேரவே ஓராண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். ஆகவே வேலையையும் படிப்பையும் ஒருங்கே எண்ணிப் பார்க்காமல் முடிவு செய்ய இயலாது.

இதே கேள்விகளை நூறு ஆண்டுகளுக்கு முன்பு கடல் கடந்த நாடொன்றில் எதிர்கொண்ட ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இவ்வாண்டு நம் மாணவியருக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் நர்சு அல்லர், டாக்டர். ஆனால் நம் நாட்டில் பல பெண்களை நர்சுகளாக உருவாக்கியவர்.

மேரி குளோரி 1887 ஜூன் 23 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிர்ரெகுர்ரா என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். ஒன்பது பிள்ளைகளில் மூன்றாமவர். மெல்போர்ன் பல்கலைக்கழகம் மருத்துவப் படிப்பில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டதும் அதே 1887ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு சேர்ந்த பெண்கள் ஏழு பேர். அவர்கள் திறந்த கதவு வழியாக மேரியும் பின்னாளில் நுழைந்தார்.

உதவித்தொகை பெற்றே உயர்நிலைக் கல்வியும் பல்கலைக்கழகக் கல்வியும் பயின்றவர் அவர். முதலில் சேர்ந்தது கலைப் பிரிவில். பிறகு மருத்துவத்துக்கு மாறினார். 1910இல் பட்டம் பெற்றார்.

பட்டம் கையில் வந்தது. வேலை எளிதில் வரவில்லை. அக்காலத்தில் பெண் டாக்டர்களுக்குப் பெரிய மருத்துவமனைகளில் பயிற்சி இடம் கிடைப்பது அரிது. மேரி கடல் தாண்டி நியூசிலாந்து சென்று கிறைஸ்ட்சர்ச் மருத்துவமனையில் பணியேற்றார். அங்கிருந்து மெல்போர்னுக்குத் திரும்பி, கண், காது நோய்களுக்கான மருத்துவமனையில் சேர்ந்தார். அதன்பின் நகரின் பெரிய டாக்டர்கள் இருந்த காலின்ஸ் தெருவில் சொந்தமாக மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவிலும் பணி செய்தார். 1914இல் உலகப் போர் மூண்டது. ஆண் டாக்டர்கள் போர்முனைக்குப் போனதால், அவர்களுடைய நோயாளிகளையும் அவர் பார்க்க வேண்டியதாயிற்று. வயது முப்பதுகூட ஆகவில்லை. பேரும் வருமானமும் நிலைபெற்றுவிட்டன. நம் பெற்றோரைக் கேட்டால், இனி மாறாதே அம்மா, அமைந்ததை வைத்துக்கொள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை.

1915 அக்டோபரில் ஒரு சிறு வெளியீடு அவர் கைக்கு வந்தது. அது டாக்டர் ஆக்னஸ் மக்லாரன் என்பவரைப் பற்றியது. ஸ்காட்லாந்தில் பிறந்து, பிரான்சின் மோன்பெல்லியே நகரில் 1878இல் மருத்துவப் பட்டம் பெற்றவர் அவர். அறுபது வயதையொட்டிக் கத்தோலிக்கர் ஆனார். பின்னர் ராவல்பிண்டியில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை ஏற்படக் காரணமாக இருந்தார். கோஷாப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டமாட்டார்கள். பிரசவத்தில் சிக்கல் நேர்ந்தால் தாயும் சேயும் மடிவதைத் தவிர வேறு வழியில்லை. பெண்கள் டாக்டராக வரவேண்டும், அதிலும் கன்னியர் வந்தால் பணி நீடித்து நிற்கும் என்பது மக்லாரன் அம்மையாரின் எண்ணம். ஆனால் கன்னியர் மருத்துவம் செய்வதற்கு, குறிப்பாகப் பிரசவம் பார்ப்பதற்கு, திருச்சபைச் சட்டம் அன்று இடம் தரவில்லை. அதை மாற்றக் கோரி அவர் ரோமைக்கு மீண்டும் மீண்டும் சென்று முறையிட்டார். 1913இல் இறக்கும்வரை அது நிறைவேறவில்லை.

இந்த வரலாற்றைப் படித்த மேரி, தம் வாழ்வு இந்தியாவில்தான் என்று அன்றே தீர்மானித்தார். ஆனால் மறுநாளே மூட்டை கட்டவில்லை. நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது இந்த இடம்தான். தீர்மானம் 1915இல், கப்பல் ஏறியது 1920இல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் என்ன செய்தார்? நோயாளிகளைப் பார்த்தார். 1916இல் கத்தோலிக்கப் பெண்கள் சமூக சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவியானார். இவற்றோடு எம்.டி. பட்டத்துக்கும் படித்தார். அவர் எடுத்துக்கொண்ட துறைகளைப் பாருங்கள்: மகப்பேறு, பெண்கள் நோய், கண் நோய். காலின்ஸ் தெரு வருமானத்தைப் பெருக்குவதற்காக அல்ல. இந்தியாவில் எவை வேண்டியிருக்கும் என்று எண்ணித் தெரிந்துகொண்டவை. 1919இல் எம்.டி. பட்டம் கிடைத்தது.

இந்தக் காத்திருப்பு சரிதானா என்று கேட்க இடமுண்டு. அந்த நான்கு ஆண்டுகளிலும் இங்கே தாய்மார்கள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரு சாதாரண டாக்டர் வந்திருந்தாலும் சிலர் பிழைத்திருப்பார்கள். ஆயினும் அவர் செய்தது சரி என்பதே நம் எண்ணம். அவர் போகவிருந்த இடத்தில் பக்கத்து அறைக்குச் சென்று யோசனை கேட்க மூத்த டாக்டர் எவரும் இருக்கப்போவதில்லை. தெரியாததைத் தெரியாமலே செய்யவேண்டிய நிலை டாக்டருக்கு வந்தால் பலி நோயாளிதான். நம் கடற்கரையில் முத்துச் சலாபம் நடந்த நாட்களிலும் சிப்பி கிடக்கிறது என்றதும் குளிக்க இறங்கிவிடமாட்டார்கள். முதலில் மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, முத்து முற்றியிருக்கிறதா என்று மதிப்பிட்ட பிறகே சலாபம் அறிவிப்பார்கள். 1961க்குப் பின் சலாபமே இல்லாததால் இளைய மாணவியருக்கு இது கதையாகத் தோன்றலாம். வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள்.

1920 ஜனவரியில் மெல்போர்னை விட்டுப் புறப்பட்டுப் பிப்ரவரியில் குண்டூர் வந்து சேர்ந்தார். குண்டூர் அப்போது நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே இயேசு மரியா சூசை சபையைச் சேர்ந்த ஹாலந்து நாட்டுக் கன்னியர் பணியாற்றி வந்தனர். மேரி அச்சபையில் சேர்ந்தார். துறவுப் பெயர் திரு இருதய மரியா. பத்து ஆண்டு உழைப்பில் பெற்ற இரண்டு பட்டங்களோடு, மருத்துவம் செய்யச் சட்டம் இடங்கொடாத ஒரு வாழ்க்கைக்குள் நுழைந்திருக்கிறார்! அனுமதி கிடைக்காமல் போயிருந்தால் அந்த எம்.டி. பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும். நல்லவேளையாகத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவருக்குத் தனிப்பட்ட அனுமதி அளித்தார். மருத்துவம் செய்ய இவ்வாறு அனுமதி பெற்ற முதல் கன்னியர் அவரே. எல்லாக் கன்னியருக்கும் அந்தத் தடை நீங்கியது 1936இல்.

சிறு மருந்தகமாக இருந்தது செயின்ட் ஜோசப் மருத்துவமனையாக வளர்ந்தது. நீண்ட காலம் பெரும்பொறுப்பு அவர் ஒருவர் தலைமேலேயே இருந்தது. தாம் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று உணர்ந்த அவர், அவ்வூர்ப் பெண்களையே நர்சுகளாகவும் மருத்துவச்சிகளாகவும் கம்பவுண்டர்களாகவும் பழக்கினார். மெல்போர்னில் கற்றது இப்படித் தெலுங்கு பேசும் பெண்களின் கைகளுக்கு இறங்கிற்று. அவர் செய்தவற்றுள் இதையே நாம் முதலாவதாக வைப்போம். டாக்டர் தூங்கும் நேரத்திலும் நோயாளியின் அருகே விழித்திருப்பவள் நர்சுதானே.

1943இல் 16 கன்னியரைக் குண்டூரில் கூட்டிக் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கான சங்கத்தை நிறுவினார். இந்தியாவெங்கும் 3,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் உறுப்பினராக உள்ளன. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று எழவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதைக் காண அவர் உயிரோடில்லை. புற்றுநோயால் மிகுந்த வேதனைப்பட்டு 1957 மே 5 அன்று பெங்களூரில் இறந்தார். ஊரைவிட்டு வந்த 37 ஆண்டுகளில் ஒருமுறைகூட ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போகவில்லை. அவர் இறந்த ஆறாம் ஆண்டில், 1963இல், அதே பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2013இல் திருச்சபை அவரை இறை ஊழியர் என அறிவித்தது.

குண்டூர் மருத்துவமனை இன்றும் நடந்துவருகிறது. நம் ஊரிலிருந்து போக விரும்புவோர் சென்னையில் இறங்கி வண்டி மாறலாம்.