55 ஆண்டு காத்திருந்த விஞ்ஞானி

இன்று செல்போன் இல்லாத வீடு அபூர்வம். அதற்குள் நகத்தளவே உள்ள சில்லு ஒன்றில் கோடிக்கணக்கான டிரான்ஸிஸ்டர்கள் அடங்கியிருக்கின்றன. வட்டமான சிலிக்கன் தகட்டில் இவற்றைப் பொறிக்கிறார்கள். நுண்ணிய கோடுகள் பழுதின்றி விழுந்தனவா என்று பார்க்கச் சாதாரண மைக்ராஸ்கோப் போதாது. எலெக்ட்ரான் கதிர் வேண்டும். அதற்கு வழி திறந்தவர் எர்ன்ஸ்ட் ருஸ்கா என்ற ஜெர்மானியர்.

தொடக்கூடாத கருவி

ருஸ்கா 1906 டிசம்பர் 25-ந் தேதி ஹைடல்பர்க் நகரில் பிறந்தார். தந்தை பேராசிரியர். அவருடைய அறையில் பெரிய மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்கு அவ்வப்போது அதில் வேடிக்கை காட்டுவார். தொட மட்டும் விடமாட்டார்.

பெர்லினில் மின்சார எஞ்சினீயரிங் படித்த ருஸ்கா, மாக்ஸ் நோல் என்பவருடன் ஆராய்ச்சியில் இறங்கினார். ஒரு மில்லிமீட்டரின் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய நுணுக்கங்களைச் சாதாரண ஒளி பிரித்துக் காட்டாது. எலெக்ட்ரான் காட்டும். ஆனால் அதைக் குவிக்கக் கண்ணாடி லென்ஸ் உதவாது; மின்சாரம் பாயும் கம்பிச் சுருளின் காந்த சக்தியே லென்ஸாக வேண்டும்.

1931-ல் இருவரும் இரண்டு சுருள்களை வைத்து முதல் கருவியைச் செய்தார்கள். அது சுமார் 16 மடங்குதான் பெரிதாக்கியது. பூதக்கண்ணாடியே செய்துவிடும் வேலை! ருஸ்கா தளரவில்லை. 1933-ல் அவர் செய்த அடுத்த கருவி 12,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டியது.

கருகிவிடும் என்றார்கள்

கதிரின் சூட்டில் பொருள் கருகிவிடும் என்று பலர் ஒதுக்கினார்கள். பண உதவி கிடைக்கவில்லை. ருஸ்கா டெலிவிஷன் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனார். அப்போதும் இருவர் துணை நின்றார்கள். ஒருவர், பின்னர் அவருடைய சகோதரியை மணந்த நண்பர் போடோ ஃபான் பொரிஸ். மற்றவர், டாக்டரான தம்பி ஹெல்முட். வைத்திய ஆராய்ச்சிக்கு இக்கருவி மிகவும் பயன்படும் என்று, தம் ஆசிரியரான பிரபல டாக்டர் ஒருவரிடம் தம்பி சிபாரிசு வாங்கித் தந்தார். 1937-ல் சீமன்ஸ் கம்பெனி ஆதரவு கொடுத்தது. 1939-ல் கருவி விற்பனைக்கு வந்தது. வைரஸ்களின் உருவத்தை மனிதன் முதன்முதலாகப் பார்த்தான்.

இதற்கிடையே, 1935-ல் நோல் எலெக்ட்ரான் கதிரைப் பொருளின் மேல் வரிவரியாக ஓட்டிப் படம் எடுத்தார். பலர் கையில் வளர்ந்த அந்த முறையில், 1965-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. இன்று சில்லுத் தொழிற்சாலைகளில் தகடுகளைச் சோதிப்பது இந்த இனத்துக் கருவிதான்.

தாமதித்து வந்த பரிசு

1986-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசில் பாதி ருஸ்காவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 79 வயது. முதல் கருவி செய்து 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. பொரிஸ் 1956-லும், நோல் 1969-லும், தம்பி ஹெல்முட் 1973-லும் காலமாகிவிட்டார்கள். இறந்தவர்களுக்கு நோபல் பரிசு கிடையாது. நால்வர் பட்ட பாட்டுக்கு ஒருவர் மட்டுமே மேடை ஏறினார்.

1988 மே 27-ந் தேதி ருஸ்கா காலமானார். உலகம் ஒப்புக்கொள்ளத் தாமதிக்கலாம். அதற்காகப் பாதி வழியில் வேலையை விடக்கூடாது என்பதே அவர் வாழ்க்கை தரும் பாடம்.