உதவித்தொகை உருவாக்கிய சட்ட மேதை

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். இப்போது இன்ஜினியரிங் படிக்கிறேன். எங்க பக்கம் எஸ்.பி.எம். முடிச்ச பிள்ளைகள் சட்டம் படிக்கணும்னு சொன்னா, அது பணக்காரங்க படிப்புன்னு வீட்டிலேயே பேச்சை முடிச்சிடுவாங்க. அந்தப் பேச்சைக் கேட்டு மனசு சுருங்கிப்போன தம்பி தங்கைகளுக்காகத்தான் டாக்டர் அம்பேத்கர் வாழ்க்கையின் ஒரு பக்கத்தை எழுதுகிறேன். இந்திய அரசியல் சாசனத்தை வரைந்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். யார் கொடுத்த பணத்தில் படித்தார், அந்தப் பணம் நின்றபோது என்ன செய்தார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பீமராவ் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் என்ற ராணுவ ஊரில் பிறந்தார். வீட்டில் 14-ஆவது பிள்ளை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகார் குடும்பம். பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார முடியாது, தண்ணீர்ப் பானையைத் தொட முடியாது. 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்கு மேல் படிக்க வைக்க அப்பாவிடம் வசதி இல்லை. கெலுஸ்கர் என்ற ஆசிரியர்தான் அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அறிமுகப்படுத்தினார். மாதம் 25 ரூபாய் உதவி கிடைத்தது. 1912-இல் பி.ஏ. முடித்தார்.

1913-இல் அதே மன்னரின் அரசு, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு படிக்க மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. படித்து வந்த பிறகு பரோடாவில் பத்து ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வாங்கியது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பணம் சட்டம் படிக்கக் கொடுத்ததல்ல. அவர் படித்தது பொருளாதாரம். ஆனால் சாதி எப்படி உண்டானது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1916-இல் அதைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை வாசித்தார். அப்போது வயது 25.

அதே ஆண்டு லண்டன் போனார். ஒரு பக்கம் லண்டன் பொருளாதாரக் கல்லூரி, இன்னொரு பக்கம் பாரிஸ்டர் ஆவதற்குக் கிரேஸ் இன். இரண்டையும் முடிக்கும் முன்னே, 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. பாதியில் ஊர் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவில் வேலையில் சேர்ந்தார். பெரிய படிப்பு, பெரிய பதவி, ஆனால் குடியிருக்க ஒரு அறை கிடைக்கவில்லை. தங்கிய விடுதியிலிருந்தும் சாதி தெரிந்ததும் தடியோடு வந்து துரத்தினார்கள். வேலையை விட்டுப் பம்பாய் திரும்பினார்.

நம்மில் பலர் அங்கேயே நின்றிருப்போம். அவர் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து, சம்பளத்தைச் சேர்த்து வைத்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவினார். ஒரு பார்சி நண்பர் கடன் கொடுத்தார். 1920-இல் மறுபடியும் லண்டன். 1922-இல் பாரிஸ்டர், 1923-இல் டாக்டர் பட்டம்.

படித்த சட்டத்தை எங்கே பயன்படுத்தினார்? 1927-இல் மகாட் ஊர்ப் பொதுக் குளத்தில் மக்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். அந்த உரிமை வழக்காகி, 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய் வெற்றி கிடைத்தது. ஒரு வாய் தண்ணிக்குப் பத்து வருஷம்! 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். அப்போது ஒடுக்கப்பட்ட மாணவர்களின் கல்வி உதவிக்காக அரசிடம் வாதாடினார். 1944-இல் மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய படிப்புக்கு உதவித்தொகைத் திட்டம் வந்தது. தான் வாங்கியதை அடுத்தவருக்கும் கிடைக்க வைத்தார். 1947 ஆகஸ்டில் சாசன வரைவுக் குழுவின் தலைவரானார்.

1956 அக்டோபர் 14-இல் பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6-இல் மறைந்தார். இந்து இளைஞர்களான நாம் இதை மறைத்துவிட்டு அவரைப் புகழக் கூடாது. குளத்தையும் கோயிலையும் அவருக்கு மூடி வைத்தவர்கள் நம்ம ஆட்கள்தான். நம் தோட்டத்துக் கோயில்களில் அந்தப் பழக்கத்தின் மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்வது நம் கடமை.

இப்போது நம் மலைக்கு வருவோம். தோட்டத்துப் பிரச்சினைகளில் பாதி சட்டப் பிரச்சினைதான். சம்பளத்துக்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது, குடியிருப்புக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலைபவர்களும் உண்டு. இதையெல்லாம் ஆழமாகப் படித்த நம்ம பிள்ளைகள் எத்தனை பேர்?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் சட்டத் துறை இருக்கிறது. செலவுக்கு ஜே.பி.ஏ., பி.டி.பி.டி.என்., எம்.ஐ.இ.டி. போன்றவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். வேலை அனுபவம் வந்த பிறகு, பிரிட்டனில் ஓராண்டு முதுகலை படிக்கச் சீவ்னிங் உதவித்தொகை இருக்கிறது. அதிலும் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. விண்ணப்பத்தில் எந்தப் பாடம், ஏன் அது, திரும்பி வந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார்கள். வக்கீலாகணும் என்று மட்டும் எழுதினால் பத்தாது. தொழிலாளர் சட்டமா, நிலச் சட்டமா, குடியுரிமையா என்று தெளிவாக எழுதணும்.

தம்பி, தங்கை, அந்தப் பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். உங்க லயத்துல, உங்க அம்மா கொழுந்து பறிக்கிற மலையில, எந்த அநியாயம் உங்களைத் தூங்க விடலையோ, அதுதான் உங்க பாடம். அதை எடுத்துக்கிட்டுப் போய்க் கேளுங்க. ஒரு இடத்துல இல்லைன்னா அடுத்த இடத்துல கேளுங்க.