மரக்கட்டையில் பிறந்த மாவீரர்கள்

நமக்குத் தரப்பட்ட கொடை ஒன்றாக இருக்க, நம் மனம் வேறொன்றுக்காக ஏங்குவதுண்டு. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரேயின் வாழ்வு இதை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

1832 ஜனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று, ஸ்ட்ராஸ்பூர் நகரில் அவர் பிறந்தார். 15 வயதில் பாரீசுக்கு வந்து, நகைச்சுவை இதழ் ஒன்றில் படம் வரையத் தொடங்கினார். 1849இல் தந்தை இறந்தார். தோரே திருமணம் செய்துகொள்ளாமல் தாயுடனேயே வாழ்ந்தார்.

இடைக்கால வீரர்களின் கதைகள் அவரை மிகவும் கவர்ந்தன. ஆர்தர் அரசரின் அவையைச் சேர்ந்த ஜோஃப்ரே என்ற வீரனின் கதைக்கு 1856இல் படம் வரைந்தார். அத்தகைய கதைகளைப் படித்துப் படித்தே மதிமயங்கிய டான் குவிக்சாட்டை 1863இல் வரைந்தார். ஆரியோஸ்தோவின் வீரகாவியத்திற்கு வரைந்த படங்கள் 1879இல் வெளிவந்தன. இருண்ட காடுகளும், வானளாவிய கோட்டைகளும், அவற்றின் நடுவே தனியே செல்லும் குதிரை வீரனும் அவர் கைவண்ணத்தில் உயிர்பெற்றனர்.

இப்படங்களில் பெரும்பாலானவை மரச்செதுக்கு முறையில் உருவானவை. உறுதியான மரக்கட்டையின் வழவழப்பான குறுக்குவெட்டுப் பரப்பில் தோரே தூரிகையால் வரைவார். செதுக்குநர் கூரிய உளியால் வெண்மையாகத் தெரியவேண்டிய இடங்களை அகற்றுவார். எஞ்சி நிற்கும் பகுதி மையை ஏந்தும். எழுத்துக்களோடு சேர்த்தே அச்சிட முடிந்ததால், படங்கள் எளிதாகப் புத்தகங்களில் இடம்பெற்றன. செதுக்குநர்களுள் சிறந்தவர் பிசான். படத்தின் ஒரு மூலையில் தோரேயின் பெயரும், மறுமூலையில் செதுக்கியவரின் பெயரும் இருப்பதை நாம் காணலாம். மற்றவரின் பொறுமை இல்லாமல் தோரேயின் புகழ் இல்லை.

1866இல் வெளிவந்த அவரது விவிலியப் படங்கள் பல நாடுகளின் இல்லங்களில் நுழைந்தன. ஆனால் அவர் மனம் நிறைவடையவில்லை. மாபெரும் வண்ண ஓவியராகப் போற்றப்பட வேண்டும் என்றே ஏங்கினார். தீர்ப்பு மன்றத்தை விட்டு இயேசு வெளியேறும் காட்சியை 6 மீட்டர் உயரமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட ஓவியமாக 1872இல் முடித்தார். இலண்டனில் அவரது ஓவியங்களைக் காண மக்கள் திரண்டனர். ஆனால் பிரான்சின் திறனாய்வாளர்கள் அவரை ஓவியராக ஏற்கவில்லை. அந்தக் காயம் ஆறவேயில்லை. 1881இல் தாய் இறந்தார். 1883 ஜனவரி 23இல், தம் 51ஆம் வயதில், தோரேயும் கண்மூடினார்.

கையளவு மரக்கட்டைகளை அவர் தம் புகழுக்குப் போதாதவை என எண்ணினார். ஆனால் கலைக்கூடத்தின் வாசலையே மிதித்திராத எளிய மக்களிடம் அவரைக் கொண்டு சேர்த்தவை அந்தக் கட்டைகளே. நாம் சிறிதென்று ஒதுக்கும் நம் கொடை எது? நம் பணிக்குப் பின்னால் உளி பிடிக்கும் கரங்கள் யாருடையவை? இன்று சற்றே சிந்திப்போம், நன்றி கூறுவோம்.