குழந்தைகளிடம் பாடம் கற்ற மூதாட்டி

திண்டுக்கல் சமவெளியில் நின்று மேற்கே பாருங்கள். தூரத்தில் நீல நிறத்தில் மலைத்தொடர் தெரியும். அந்த மலையின் மேல்தான் கொடைக்கானல் இருக்கிறது.

வெயில் காலத்தில் குளிர்ச்சியைத் தேடி அங்கே போகிறவர்கள் பலர். ஆனால், 1942-ம் ஆண்டில் அங்கே போன ஒரு மூதாட்டி, ஓய்வு எடுக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 70-க்கு மேல். குழந்தைகளுடன் உட்கார்ந்து, அவர்களிடம் பாடம் கற்றார்!

அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார். மாண்டிசோரி பள்ளி என்ற பெயர்ப்பலகையைப் பல ஊர்களில் பார்க்கிறோம் அல்லவா? அந்தப் பெயருக்கு உரியவர் இவரே.

டாக்டர் ஆனார்

மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலி நாட்டில் பிறந்தார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அரிதாக இருந்த காலம் அது. எதிர்ப்பைக் கண்டு அவர் அஞ்சவில்லை. 1896-ல் ரோம் நகரப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, ரோமில் ஏழைத் தொழிலாளர்கள் வசித்த பகுதியில், குழந்தைகளுக்காக ஓர் இல்லம் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனதும், கவனிக்க ஆள் இல்லாமல் திரிந்த குழந்தைகள் அங்கே சேர்ந்தனர்.

விரல் கற்ற எழுத்து

தச்சர்கள் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி, அட்டையில் ஒட்டினார் அம்மையார். குழந்தைகள் அதை விரலால் தடவினார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்களே, ஏறக்குறைய அதுபோலத்தான்.

தனித்தனியாக வெட்டிய எழுத்துக்களையும் கொடுத்தார். மனதில் தோன்றிய சொல்லைக் குழந்தைகள் தாங்களே கோத்துப் பார்த்தார்கள்.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள். மொட்டைமாடியில் இளவெயில். ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, புகைபோக்கியைப் படம் வரையச் சொன்னார். வரைந்து முடித்த சிறுவன் திடீரென்று, தனக்கு எழுத வருகிறது என்று கூவினான். கை, புகைபோக்கி, கூரை என்று தரையில் எழுதித் தள்ளினான்! அதைப் பார்த்த மற்றக் குழந்தைகளும் எழுதத் தொடங்கினர். அவர்கள் அதுவரை புத்தகம் படித்தது இல்லை.

போரில் சிக்கினார்

1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

1940-ல் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் குதித்தது. அன்று இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசு, இருவரையும் எதிரி நாட்டவராகக் கருதியது. மகனைக் காவலில் வைத்தது. தாய் அடையாறை விட்டு வெளியேறத் தடை!

அம்மையாரின் 70-வது பிறந்த நாளன்று மகன் விடுதலை ஆனார். ஆனாலும், போர் முடியும்வரை அவர்களால் நாடு திரும்ப முடியவில்லை.

கொடைக்கானலில்

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அங்கே பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் படித்தார்கள். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகள் ஏன், எப்படி என்று கேட்பதைக் கவனித்தார்.

ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். இலைக்கு நீர் தருவது வேர். வேருக்கு நீர் தருவது மழை. மழை எங்கிருந்து வருகிறது? கடலில் இருந்து! இப்படி ஒன்றோடு ஒன்றாக உலகம் இணைந்திருக்கும் கதையைச் சொன்னால், மீதியைப் பிள்ளைகளே தேடிக்கொள்வார்கள் என்று கண்டார். 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அவர் வகுத்த கல்வி முறை, இந்த மலையில்தான் உருப்பெற்றது.

1946-ல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து பயிற்சி அளித்தார். 1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி ஹாலந்து நாட்டில் காலமானார்.

இன்று மாலை உங்கள் குழந்தையின் கையில் ஓர் இலையைக் கொடுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். பார்த்ததைக் குழந்தை சொல்லட்டும், சொன்னதை எழுதட்டும். எழுத்துப் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்!