அறைவெப்பத்தை ஆண்ட ஆசிரியர்

திருத்தணிகை மலையின் 365 படிகளும் ஓர் ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பர் பெரியோர். அம்மலையடி ஊரில் வேனிற்காலத்து வெயிலின் கொடுமை மிகுதி. அந்நாள்களில் வகுப்பறையில் அமர்ந்திருப்போர்க்கு, உடல் வருந்துங்கால் உள்ளம் பாடத்தில் பொருந்தாது என்பது சொல்லாமலே விளங்கும். இங்கே வெயிலால் நேரும் இவ்விடர், அமெரிக்க நாட்டின் வடபகுதியில் பனியால் நேர்வதாகும். அதனைத் தீர்க்க முனைந்த பள்ளியாசிரியர் ஒருவர், தாமே இயங்கி அறையின் வெப்பத்தைக் காக்கும் கருவிகளுக்கு வழிவகுத்தார். அவரே வாரன் சீமோர் ஜான்சன் ஆவார்.

ஜான்சன் 1847ஆம் ஆண்டு வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். விஸ்கான்சின் மாநிலத்தில் வளர்ந்தார். அச்சுத்தொழில், நில அளவை, ஆசிரியப்பணி எனப் பல தொழில்களிலும் பயின்றார். 1876ஆம் ஆண்டு ஒயிட்வாட்டர் என்னும் ஊரிலிருந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியேற்றார்.

அப்பள்ளியின் அறைகளுக்கு வேண்டிய வெப்பம் நிலவறையிலிருந்த அடுப்பிலிருந்து வந்தது. அறையில் வெப்பம் மிகுந்ததா குறைந்ததா என்று நிலவறையில் இருப்போர் அறிய இயலாது. ஆதலின் அடுப்பைப் பேணும் ஏவலாளர் அடிக்கடி ஒவ்வொரு வகுப்பினுள்ளும் நுழைந்து பார்த்து, மீண்டும் கீழிறங்கிச் சென்று, வெப்பம் வரும் வழியைத் திறப்பார், அல்லது மூடுவார். இதனால் பாடம் இடையிடையே தடைப்பட்டது. பிறர் இதனைப் பொறுத்துக்கொண்டனர். ஜான்சன் இதற்கு மாற்றுத் தேடினார்.

வெவ்வேறளவில் விரியும் இருவகை உலோகத் தகடுகளை ஒன்றாக இணைத்தால், சூடு ஏறுங்கால் அவ்விணைப்பு வளையும். அவ்வளைவைக் கொண்டு மின்னோட்டத்தை இயக்கி, நிலவறையில் மணி ஒலிக்குமாறு ஒரு கருவியை அவர் அமைத்தார். 1883ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். ஏவலாளர் வகுப்பினுள் நுழையவேண்டிய தேவை நீங்கிற்று.

எனினும், மணியோசை கேட்டு மனிதர் எழுந்து செயற்படவேண்டியிருந்தது. அத்தேவையையும் நீக்க அவர் விழைந்தார். 1885ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அழுத்திய காற்றின் வலிமையால் ஒவ்வோர் அறையின் நீராவிக் குழாயும் தானே திறந்து மூடும் முறைக்கு 1895ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார்.

இத்தகைய கருவிகளில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. வெப்பம் மயிரிழையளவு மாறியவுடனே குழாய் திறப்பதும் மூடுவதுமாக இருப்பின், கருவி ஓயாது உழன்று விரைவில் தேயும். ஆகவே செயற்படும் நேரத்தைப் போலவே காத்திருக்கும் நேரத்தையும் கருவிக்குக் கற்பித்தல் வேண்டும். திருவள்ளுவர் காலமறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். மனிதர்க்கு அவர் வகுத்த அவ்வறிவு, கருவிகளுக்கும் இன்றியமையாததாயிற்று.

காலத்தை அளக்கும் கலையிலும் ஜான்சன் வல்லவர். காற்றின் ஆற்றலால் இயங்கும் கோபுரக் கடிகாரங்களை அவர் அமைத்தார். அவற்றுள் ஒன்று பிலடெல்பியா நகர மன்றத்தின் கோபுரத்தில் 1899ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இயங்கலாயிற்று. 1904ஆம் ஆண்டு செயிண்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவர் பூக்கடிகாரம் ஒன்றை நிறுவினார். அதன் முகத்தின் குறுக்களவு 112 அடி. அதன் பெரிய முள் நிமிடத்திற்கு ஒருமுறை ஏறக்குறைய 5 அடி நகரும். எஞ்சிய நேரமெல்லாம் அசையாது நிற்கும்.

1911ஆம் ஆண்டு ஜான்சன் மறைந்தார். அவர்க்குப்பின் அவருடைய நிறுவனம் பிற தொழில்களை விடுத்து, கட்டடங்களின் வெப்பத்தைக் காக்கும் தொழிலையே மேற்கொண்டது. இக்காலத்தில் அறையைக் குளிர்விக்கும் இயந்திரங்கள் பல, ஒருமுறை நின்றபின் ஏறத்தாழ 3 நிமிடம் காத்திருந்தே மீண்டும் இயங்கும். உள்ளிருக்கும் அழுத்தம் சமநிலை எய்துதற்கே அவ்விடைவேளை. ஆளில்லா அறையிலும் விளக்கு உடனே அணைவதில்லை. குறித்த நேரம் பொறுத்தே அணையும். இவற்றை நிரல்படுத்துவோர், எத்துணை நேரம் பொறுப்பது என்பதையே முதலில் ஆராய்கின்றனர்.

நாள்தோறும் நேரும் சிறு தடையையும் இயல்பென்று விட்டுவிடாது, அதன் காரணத்தை நாடிய ஆசிரியரின் உள்ளமே இத்துறைக்கு வித்தாயிற்று. மாணவர் கல்வி தடைப்படலாகாது என்று தொடங்கிய அம்முயற்சியின் பயன் இன்று உலகெங்கும் பரவி நிற்கின்றது.